சொல்லும் நிலமும்

பிற நாட்டை ஆளச் செல்வோர் ஒருவகையினர். அங்கேயே தங்கி வாழச் செல்வோர் மற்றொரு வகையினர். இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் வாணிகம் செய்தனர், வரி தண்டினர், பணிக்காலம் முடிந்ததும் பெரும்பாலோர் தாய்நாடு திரும்பினர். தென் பசிபிக் பெருங்கடலிலுள்ள நியூசிலாந்துக்குச் சென்றோர் திரும்பும் எண்ணத்துடன் செல்லவில்லை. அவர்கள் வேண்டியது நிலம். அந்நிலத்திலோ மாவோரி மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்தனர்.

மாவோரியர் ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் பாலினீசியத் தீவுகளிலிருந்து பெருந்தோணிகளில் வந்து குடியேறியவர்கள். அவர்கள் மொழியில் ‘ஃபெனுவா’ என்னும் சொல் நிலத்தைக் குறிக்கும். தாய்வயிற்றில் குழந்தையைப் பேணும் நச்சுக்கொடியையும் அதுவே குறிக்கும். குழந்தை பிறந்ததும் நச்சுக்கொடியை முன்னோர் மண்ணிலே புதைப்பது அவர்கள் வழக்கம். நிலம் குலத்தார் அனைவருக்கும் பொது. தனியொருவன் அதனை விற்றுவிட்டுப் போதல் அவர்கள் முறையில் இல்லை.

1840ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6ஆம் நாள், வைதாங்கி என்னுமிடத்தில், ஆங்கில அரசின் சார்பில் வந்த வில்லியம் ஹாப்சனும் மாவோரித் தலைவர்களும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற அதனை ஹென்றி வில்லியம்ஸ் என்னும் சமயத்தொண்டர், தம் மகனின் துணையுடன், ஒரே இரவில் மாவோரி மொழியில் பெயர்த்தார். அடுத்த சில திங்களில் நாடெங்கும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டனர். அவர்களுள் மிகப் பலர் ஒப்பமிட்டது மாவோரிப் படியிலேயாகும்.

இரு படிகளும் ஒன்றையே கூறவில்லை. தலைவர்கள் தம் இறைமை முழுவதையும் அரசியாரிடம் ஒப்படைக்கின்றனர் என்றது ஆங்கிலப் படி. அவ்விடத்தில் மாவோரிப் படியில் நின்ற சொல் ‘காவானதாங்கா’ என்பது. ‘கவர்னர்’ என்னும் ஆங்கிலச் சொல்லை மாவோரி நாவுக்கேற்பத் திரித்து ஆக்கிய புதுச்சொல் அது. நிருவாகம் என்ற அளவே அதன் பொருள். மேலும், தம் நிலங்கள், ஊர்கள், அருஞ்செல்வங்கள் ஆகியவற்றின்மீது தலைவர்களுக்குள்ள முழுத் தலைமை நிலைபெறும் என்றும் அப்படி உறுதி கூறிற்று. ஆங்கிலேயர் ஆட்சியைப் பெற்றதாக எண்ணினர்; மாவோரியர் ஆட்சி தம்மிடமே உள்ளதென எண்ணினர். ‘மானா’ என்னும் பழஞ்சொல்லை இறைமைக்கு ஆண்டிருந்தால் ஒரு தலைவரும் ஒப்பமிட்டிருக்கமாட்டார் என அறிஞர் பலர் கருதுவர்.

அன்று அங்கே ஐயம் எழுப்பியவர் ஒருவர் உண்டு. அச்சுத்தொழிலரான வில்லியம் கொலென்சோ, இதன் பொருளை இம்மக்கள் உணர்ந்துள்ளனரா என்று ஹாப்சனிடம் வினவினார். உணராவிடில் அது தம் பிழையன்று என்ற கருத்திலேயே விடை வந்தது. (இக்கொலென்சோ தமிழரும் அறியத்தக்கவர். மாவோரிப் பெண்கள் கிழங்கு வேகவைக்கும் கலமாகக் கொண்டிருந்த, தமிழ் எழுத்துப் பொறித்த பழைய கப்பல்மணி ஒன்றைக் கண்டெடுத்தவர் இவரே.)

1840இல் அங்கிருந்த ஐரோப்பியர் ஏறத்தாழ 2,000 பேர். மாவோரியரோ எண்பதாயிரம் அளவினர். 1858இல் வந்தேறியோரின் தொகை மாவோரியரின் தொகையை மிஞ்சிவிட்டது. கப்பல்களுடன் வந்த தட்டம்மை முதலிய நோய்களும், போர்களும், வறுமையும் மாவோரியரை வாட்டின. 1896இல் அவர்கள் ஏறத்தாழ 42,000 பேராகக் குறைந்தனர்.

நிலம் கைமாறிய வழிகள் இரண்டு. ஒன்று, போர். 1863இல் அரசின் படை வைகாதோ நாட்டுள் புகுந்தது. அவ்வாண்டே இயற்றப்பெற்ற சட்டம், எதிர்த்த குலத்தாரின் நிலத்தைப் பறிமுதல் செய்ய இடந்தந்தது. நடுநிலை நின்றோரின் நிலமும் தப்பவில்லை. மற்றொன்று ஓசையற்றது, ஆயினும் அதுவே ஆழமாக வெட்டிற்று. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நில நீதிமன்றம், குலத்தாரின் பொதுநிலத்திற்கு உரியவராகப் பத்துப் பேருக்கு மேற்படாமல் பெயர் எழுதியது. நூற்றுக்கணக்கானோர்க்கு உரிய நிலம் அன்றே பத்துப் பேரின் உடைமையாயிற்று. அவர்கள் விற்க விரும்பினால் தடுப்பார் இல்லை. விசாரணையோ தொலைவிலுள்ள நகரங்களில் வாரக்கணக்கில் நடந்தது. வந்து தங்கியவர்கள் உணவுக்கும் உறைவிடத்திற்கும் கடைக்காரரிடம் கடன்பட்டனர். நிலத்தை அளந்தவர்க்கும் கூலி தரவேண்டியிருந்தது. நிலம் தமதே என்று நிலைநாட்டிய செலவைத் தீர்க்க அந்நிலத்தையே விற்கும்படி ஆயிற்று! 1939ஆம் ஆண்டளவில் வடதீவில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கே அவர்களிடம் எஞ்சியது.

பரிஹாகா என்னும் சிற்றூரில் தே விட்டி, தோகு என்னும் பெரியார் இருவர் படைக்கலம் ஏந்தாத எதிர்ப்பைக் கற்பித்தனர். பறிக்கப்பட்ட நிலத்தில் 1879இல் அவ்வூரார் ஏர்பூட்டி உழுதனர். காவலர் பிடித்தபோது எதிர்க்காமல் சிறை புகுந்தனர். மறுநாள் வேறு சிலர் ஏர் பிடித்தனர். 1881ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் ஏறத்தாழ 1,600 பேர் கொண்ட படை ஊரைச் சூழ்ந்தது. பாடியாடும் சிறுவர்களே அதனை வாயிலில் எதிர்கொண்டனர். ஊரார் வந்தவர்க்கு ரொட்டி அளித்தனர். தலைவர் இருவரும் விசாரணையின்றியே 1883 வரை காவலில் வைக்கப்பட்டனர்; ஊர் பாழாக்கப்பட்டது.

நிலத்தின்பின் மொழியும் நலிந்தது. 1867இல் அமைந்த மாவோரிப் பள்ளிகள் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. தாய்மொழி பேசிய சிறுவர் பலர் அடிபட்டனர். அவர்கள் வளர்ந்து தம் மக்களிடம் அம்மொழியைப் பேசத் தயங்கினர்.

1975இல் ஃபீனா கூப்பர் என்னும் மூதாட்டி, தம் 79ஆம் வயதில், வடகோடியிலிருந்து தலைநகர் வெலிங்டனுக்கு நிலவுரிமை நடைப்பயணம் ஒன்றைத் தலைமை தாங்கி நடத்தினார். அவ்வாண்டே வைதாங்கித் தீர்ப்பாயம் நிறுவப்பட்டது. 1840 முதல் நேர்ந்த குறைகள் அனைத்தையும் ஆராயும் உரிமையை அது 1985இல் பெற்றது. 1982இல் தொடங்கிய ‘மொழிக்கூடு’ என்னும் மழலையர் பள்ளிகளில் பாட்டிமார் பேரக்குழந்தைகட்கு மாவோரி பேசக் கற்றுத்தந்தனர்; 1987இல் அது ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று.

வைகாதோ மக்களிடம் மன்னிப்புக் கோரும் சட்டத்திற்கு 1995இல் இரண்டாம் எலிசபெத் அரசியார் வெலிங்டனில் தம் கையாலேயே ஒப்பமளித்தார். இழப்பீடாகப் பதினேழு கோடி நியூசிலாந்து டாலர் மதிப்புள்ள நிலமும் பொருளும் அளிக்கப்பெற்றன. ஆயினும் பறிக்கப்பட்ட நிலத்தில் ஒரு சிறு பகுதியே திரும்பிவந்தது. எஞ்சியது வந்தேறியோரின் வழித்தோன்றல்களுடைய பண்ணைகளாகவும் நகரங்களாகவும் மாறிவிட்டிருந்தது.