பனித்துளியா, கண்ணீர்த் துளியா?

1972ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள், சனிக்கிழமை காலை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்நகரின் செல்வாக்கு மிக்க நாளேடான ‘யூனியன் லீடர்’ அலுவலகத்தின் எதிரே, திறந்த லாரி ஒன்றின் மேல் ஏறி நின்று, நெடிதுயர்ந்த மனிதர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய தலையிலும் தோளிலும் பனி படிந்துகொண்டிருந்தது. அவர் பேச வந்தது வியட்நாம் போரைப் பற்றியன்று. வரியைப் பற்றியோ விலைவாசியைப் பற்றியோ அன்று. தம் மனைவியைப் பற்றி.

அவர் பெயர் எட்மண்ட் மஸ்கி. போலந்திலிருந்து வந்து குடியேறிய தையற்காரர் ஒருவரின் மகன், கத்தோலிக்கர், ஐந்து பிள்ளைகளின் தந்தை. மேய்ன் மாநிலத்தின் ஆளுநராக இருந்து, பின்னர் செனட் சபை உறுப்பினரானவர். 1968ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் துணைத் தலைவர் வேட்பாளராக நின்று நாடறிந்தவர். 1972இல் குடியரசுத் தலைவர் நிக்சனை எதிர்த்து நிற்கத் தக்கவர் இவரே என்று கட்சியினர் பலரும் எண்ணியிருந்தனர்.

அத்தகையவர் கொட்டும் பனியில் லாரியின் மேல் ஏற வேண்டிய காரணம் என்ன?

அந்நாட்டில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்ய, மாநிலந்தோறும் கட்சி ஆதரவாளர்களே வாக்களிக்கும் முதனிலைத் தேர்தல்கள் நடைபெறுவதுண்டு. அவற்றுள் முதலாவது அன்று நியூ ஹாம்ஷயரில் நடந்தது. வாக்களிப்புக்கு இரண்டு வாரங்களுக்குள் இருந்தபோது, 24ஆம் நாள், அந்த நாளேடு ஒரு வாசகர் கடிதத்தை வெளியிட்டது. கனடாவிலிருந்து வந்து குடியேறிய பிரெஞ்சு மொழி மக்களைக் குறிக்கும் இழிசொல் ஒன்றைக் கேட்டு மஸ்கி சிரித்து மகிழ்ந்தார் என்பது அக்கடிதத்தின் சாரம். நியூ ஹாம்ஷயரில் அம்மக்கள் பெருந்தொகையினர். அம்பு எங்கே பாயும் என்று அறிந்தே எய்தனர். மறுநாள், மஸ்கியின் மனைவி ஜேன் அம்மையாரைப் பற்றி வேறோர் இதழில் வந்திருந்த குறிப்பொன்றை எடுத்து, அதே நாளேடு மறுபதிப்புச் செய்தது. அவர் புகைப்பிடிப்பவர், மதுவை விரும்புபவர், கொச்சையான வேடிக்கைக் கதைகளுக்கு ஆசைப்படுபவர் என்று தோன்றும்படி எழுதப்பட்ட குறிப்பு அது. அரசியல் கொள்கை ஒரு வரியும் அதில் இல்லை.

தம்மைப் பற்றி எழுதியதைப் பொறுத்துக்கொண்ட மஸ்கியால் இதைப் பொறுக்க இயலவில்லை. பத்திரிகை உரிமையாளர் வில்லியம் லோப் என்பவரை, அவருடைய அலுவலக வாயிலிலேயே நின்று கோழை என்று சாடினார். மனைவியின் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் இடறியது. சில நொடிகள் பேச்சு நின்றது. முகம் நனைந்திருந்தது.

அந்த நனைவு எது? கன்னத்தில் கண்ணீர் வழிய அவர் பேசினார் என்று ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளேட்டின் புகழ்பெற்ற செய்தியாளர் டேவிட் பிராடர் எழுதினார். மற்றவர்களும் அவ்வாறே எழுதினர். முகத்தில் விழுந்து உருகிய பனி அது என்று மஸ்கி தம் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். நமக்குத் தோன்றுவது இது: கண்ணீராகவே இருந்தால்தான் என்ன? ஊரார் முன்னிலையில் மனைவியின் பெயர் இழுக்கப்பட்டதற்காகக் கணவன் ஒருவன் கலங்கினால், அதனை மறுத்து அவன் ஆயுள் முழுவதும் வழக்காட வேண்டுமா? ஆனால் அரசியல் உலகம் அதனைக் குற்றமாகவே கருதியது. எளிதில் நிலைகுலைபவர் நாட்டை எப்படி ஆள்வார் என்ற கேள்வி எழுந்தது.

மார்ச் 7ஆம் நாள் நடந்த தேர்தலில் மஸ்கியே முதலிடம் பெற்றார். அவருக்கு ஏறத்தாழ 46 விழுக்காடு. அடுத்து வந்த ஜார்ஜ் மெக்கவர்னுக்கு 37. ஆயினும் அண்டை மாநிலத்தவரான அவர் இன்னும் பெருவெற்றி பெறுவார் என்று எதிர்பார்த்தவர்கள், அவர் சரிந்துவிட்டதாகவே எழுதினர். ஏப்ரல் மாத இறுதியில் அவர் களத்திலிருந்து ஒதுங்கினார். அந்த ஒரு காலைப் பொழுதே அவரை வீழ்த்தியது என்று நாம் கூறமாட்டோம். அவருடைய பிரசாரத்தில் வேறு குறைகளும் இருந்தன. ஆனால் மக்கள் நினைவில் நின்றது அந்தக் காலைப் பொழுதுதான்.

அக்கடிதம் பொய்க் கடிதம் என்ற செய்தி பின்னால் வந்தது. மஸ்கியைப் போன்றோரைக் களத்திலிருந்து அகற்றுவதற்காக நிக்சன் தரப்பினர் நடத்திய மறைமுகச் சதிவேலைகளுள் அதுவும் ஒன்று என அதே ஆண்டு அக்டோபரில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ வெளியிட்டது. அதனைத் தாமே எழுதியதாக வெள்ளை மாளிகை அலுவலர் ஒருவர் சொன்னதாகவும் செய்தி வந்தது. அவர் அதனை மறுத்தார். பிராடரோ 1987ஆம் ஆண்டு, தாம் அன்று எழுதிய செய்தி தம் மனத்தை இன்னும் உறுத்துவதாக ஒரு கட்டுரையே எழுதினார். பின்னணியில் நடந்த சூது அன்றே தெரிந்திருந்தால், வேறு விதமாக எழுதியிருப்பேன் என்பது அவர் கருத்து. 15 ஆண்டுகள் கழித்து!

இவற்றையெல்லாம் எழுதியவர்கள் மஸ்கியின் மன உறுதியை ஆராய்ந்தார்கள். லோப்பின் பகைமையை ஆராய்ந்தார்கள். ஜேன் அம்மையாரின் நிலையை நினைத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? தம் பெயர் ஏசப்பட்டது ஒரு துன்பம். தமக்காகப் பேசப் போய்த் தம் கணவர் வீழ்ந்தார் என்று ஊர் சொல்லக் கேட்பது அதனினும் பெரிய துன்பம். அவர் அதை எவ்வாறு தாங்கினார் என்று நாம் ஊகித்து எழுதுவது முறையன்று. ஆனால் கணவனும் மனைவியுமாய் வாழும் எவருக்கும் அதன் பாரம் விளங்காமற் போகாது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். குடும்பத்தை மேடைக்கு அழைத்து வருபவர் வேட்பாளரே. மனைவி அருகே புன்னகைக்க, பிள்ளைகள் வரிசையாக நிற்க, படம் எடுத்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். ‘இவர் நல்ல குடும்பத் தலைவர், எனவே இவருக்கு வாக்களியுங்கள்’ என்பதுதானே அந்தப் படத்தின் பொருள்? நற்சான்றாகக் குடும்பத்தைக் காட்டிய பிறகு, எதிர்ப்பக்கத்தார் அதனையே கிழிக்க முற்படும்போது, இது எங்கள் வீட்டுக் காரியம் என்று சொல்வது கடினமாகிவிடுகிறது. இதில் முழுக் குற்றம் ஒருவர் தலையில் மட்டும் இல்லை. ஆனால் படத்தில் நிற்கும்படி சொல்லப்பட்ட சிறு பிள்ளைக்கு அதில் என்ன பங்கு?

அதே ஆண்டு ஜூலை மாதத்திற்கு வருவோம். மஸ்கி விலகியபின் மெக்கவர்ன் முன்னேறி, மயாமி பீச் நகரில் கூடிய மாநாட்டில் கட்சியின் வேட்பாளரானார். துணைத் தலைவர் பதவிக்கு ஒருவரைச் சில மணி நேரத்திற்குள் தெரிந்தெடுக்க வேண்டிய நெருக்கடி. பலர் மறுத்தபின், ஜூலை 13ஆம் நாள், மிசௌரி மாநில செனட் உறுப்பினர் தாமஸ் ஈகிள்டனுக்குத் தொலைபேசி அழைப்புப் போயிற்று. அவரும் கத்தோலிக்கர், வயது 42, மனைவி பார்பரா, பள்ளிப் பருவத்தில் இரு பிள்ளைகள். மறைத்து வைத்த செய்தி ஏதேனும் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்றார். அழைப்பு சில நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டது.

ஆனால் செய்தி இருந்தது. 1960, 1964, 1966 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை அவர் மனச்சோர்வு நோய்க்காக மருத்துவமனையில் தங்கியிருந்தார். இருமுறை மின்அதிர்ச்சிச் சிகிச்சையும் பெற்றிருந்தார். அக்காலங்களில் வெளியே சொல்லப்பட்டவை வேறு காரணங்கள். காய்ச்சல் என்றால் விசாரிக்க வருவார்கள்; கால் முறிந்தது என்றால் பழம் வாங்கி வருவார்கள்; மனம் நோயுற்றது என்றால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஈகிள்டன் இல்லத்தார் 12 ஆண்டுகள் கதவைச் சாத்தியே வைத்திருந்தனர்.

பெயர் சொல்லாத ஒருவர் தொலைபேசியில் துப்புக் கொடுக்க, கதவு திறந்தது. ஜூலை 25ஆம் நாள், தெற்கு டகோட்டாவிலுள்ள சில்வன் ஏரிக்கரையில், மெக்கவர்ன் உடனிருக்க, ஈகிள்டனே செய்தியாளர் முன் அனைத்தையும் சொன்னார். அவருக்கு ‘ஆயிரம் விழுக்காடு’ ஆதரவு உண்டு என்று மெக்கவர்ன் அறிவித்தார். அந்த ஆயிரம் ஒரு வாரமும் நிலைக்கவில்லை. இடையில், ஈகிள்டன் மது அருந்தி வாகனம் ஓட்டிப் பலமுறை பிடிபட்டவர் என்று ஜாக் ஆண்டர்சன் என்ற பத்திரிகையாளர் வேறு அறிவித்தார். சான்று காட்ட இயலாமல் பின்னர் அதனைத் திரும்பப் பெற்றார். ஜூலை 31ஆம் நாள் ஈகிள்டன் விலகினார். அவர் துணை வேட்பாளராக இருந்தது 18 நாட்கள் மட்டுமே.

அப்பதினெட்டு நாட்களில் அவ்விரு பிள்ளைகளும் தம் தந்தையின் நோயைப் பற்றி நாடே பேசக் கேட்டனர். பெரியவர்களானபின், தக்க தருணம் பார்த்துப் பெற்றோர் அருகிருத்திச் சொல்ல வேண்டிய செய்தி அது. எந்தப் பெற்றோருக்கும் உரிய அந்த உரிமை பார்பராவுக்கும் அவர் கணவருக்கும் இல்லாமற் போயிற்று. மிசௌரி மக்களோ அவரைக் கைவிடவில்லை. 1974இலும் 1980இலும் அவரையே மீண்டும் செனட் சபைக்கு அனுப்பினர். 1987 தொடக்கம் வரை அவர் அங்கே பணியாற்றினார். அவர் மனநலம் குறித்து அஞ்சியதற்கு அப்பணிக்காலத்தில் அடிப்படை எதுவும் காணப்படவில்லை.

இனி மெக்கவர்ன். ஈகிள்டனைக் கைவிட்டவர் என்று அவரைக் கடிந்துகொள்வது எளிது. அன்று பலரும் கடிந்தனர். ஆனால் அதே நோய் அவர் இல்லத்திலும் இருந்தது. அவருடைய ஐந்து பிள்ளைகளுள் மூன்றாமவரான டெர்ரி, இளவயது முதலே மனச்சோர்வினாலும் மதுவினாலும் அல்லலுற்றவர். 1968இல், தந்தையின் செனட் தேர்தலுக்காக வேலை செய்யச் சென்ற இடத்தில், 19 வயதில், கஞ்சா வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டார். வழக்கு சட்ட நுணுக்கம் ஒன்றினால் தள்ளுபடியாயிற்று, செய்தி தள்ளுபடியாகவில்லை. மனச்சோர்வு நோய் வந்தவர் பதவிக்கு உதவமாட்டார் என்று தம் தந்தையே முடிவெடுத்ததை, நான்கு ஆண்டுகளுக்குப் பின் அந்த மகள் கேட்டிருப்பாள். தந்தைக்கும் அந்த எண்ணம் வராமல் இருந்திருக்குமா?

மெக்கவர்ன் தம் வேட்பை அறிவித்தது 1971ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள். தேர்தல் நடந்தது 1972 நவம்பர் 7ஆம் நாள். ஏறத்தாழ 22 மாதங்கள்! ஒரு குழந்தை பிறந்து, நடந்து, பேசத் தொடங்கிவிடும் காலம். அதற்கு முந்திய ஆண்டுகளிலும் அரசியல் அவரை வீட்டில் இருக்க விட்டதில்லை. பிள்ளைகளை வளர்த்தவர் பெரும்பாலும் எலினார் அம்மையாரே. 1972இல் அவரும் தனியே ஊர் ஊராகச் சென்று கணவருக்காகப் பேசினார். முடிவில், 50 மாநிலங்களுள் 49 நிக்சன் பக்கம் போயின. மாசசூசெட்ஸ் ஒன்றே மெக்கவர்னுக்குக் கிட்டியது. எதற்காக அத்தனை மாதங்கள் பிரிந்திருந்தார்களோ, அதுவும் கைகூடவில்லை.

டெர்ரி பலமுறை சிகிச்சை பெற்றார். சில ஆண்டுகள் மதுவின்றி நலமாகவும் வாழ்ந்தார். இரு பெண் குழந்தைகளுக்குத் தாயானார். பின்னர் மீண்டும் வீழ்ந்தார். அவரிடமிருந்து சற்று விலகி நிற்பதே அவருக்கு நல்லது என்று கிடைத்த அறிவுரையை ஏற்று, இறுதி மாதங்களில் பெற்றோர் அவ்வாறே விலகியிருந்தனர். 1994ஆம் ஆண்டு டிசம்பரில், விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில், மதுமயக்கத்தில் பனியில் விழுந்து, இரவெல்லாம் அங்கேயே கிடந்து உறைந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 45.

அரசியலே அவரைக் கொன்றது என்று நாம் சொல்லத் துணியோம். தந்தை நாள்தோறும் மாலை வீடு திரும்பும் இல்லங்களிலும் மதுநோய் புகுகிறது. அதற்கு மரபும் ஒரு காரணம் என்பர் மருத்துவர். மெக்கவர்னும் அதனை அறிவார். ஆயினும் அவர் தம்மை எளிதில் விடுவித்துக்கொள்ளவில்லை. 1996இல் மகளின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு நூல் வெளியிட்டார். மகள் எழுதி வைத்திருந்த நாட்குறிப்புகளைப் படித்து, அவற்றின் பகுதிகளையும் அதில் சேர்த்தார். தாம் வீட்டில் இல்லாத ஆண்டுகளுக்காகவும், விலகி நின்ற அந்த இறுதி மாதங்களுக்காகவும் வருந்தினார். அன்று அவருக்கு வயது 70க்கு மேல். தலைவர் பதவிக்குத் தோற்றதைக் குறித்து நகைச்சுவையாகப் பேசக் கற்றுக்கொண்டிருந்த அவர், இதைக் குறித்து அவ்வாறு பேச முடியவில்லை.

நூல் வெளிவந்தபின் நாடெங்குமிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. மதுவுக்கு ஆளான பிள்ளைகளின் பெற்றோரே அவற்றை எழுதியவர்கள். மாடிசன் நகரில், மதுப் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்கான சிகிச்சை நிலையம் ஒன்று டெர்ரியின் பெயரால் அமைந்தது.