சம்பூரில் எது தாய் வேலை?

2006 ஏப்ரல் கடைசியில் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் அஞ்சித் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். செப்டெம்பரில் ஊர் இராணுவத்தின் கைக்குப் போனது. அதே ஆண்டு டிசெம்பர் 29ஆம் திகதி, அந்த மக்கள் இடம்பெயர்ந்து அலைந்துகொண்டிருந்த வேளையில், திருகோணமலைப் பகுதியில் நிலக்கரி அனல்மின் நிலையம் அமைக்க இலங்கையும் இந்தியாவும் உடன்பாடு செய்துகொண்டன. பின்னர் அதற்குரிய இடமாகச் சம்பூர் தெரிவானது. மேலே எழுதப்பட்ட வேலை, மின் நிலையம். மக்களின் காணி அதற்குக் கீழே ஒரு சிறு வேலையாகிப் போனது.

கணினியில் திட்டங்களை நடத்துகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஒரு வேலை எதற்குக் கீழே எழுதப்படுகிறதோ அதைப் பொறுத்துத்தான் அதற்கு யார் பொறுப்பு, எவ்வளவு பணம், எப்போது முடிய வேண்டும் என்பதெல்லாம் முடிவாகின்றன. மேலே இருப்பதைத் தாய் வேலை என்றும் கீழே இருப்பதைப் பிள்ளை வேலை என்றும் சொல்கிறார்கள்.

கோயில் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தல் ஒரு வேலை. கமுகு வெட்டுவதும் கிடுகு கொண்டுவருவதும் கதிரை வாடகைக்கு எடுப்பதும் அதன் பிள்ளைகள். அன்னதானம் இன்னொரு வேலை. தண்ணீர் பவுசரைப் பந்தல் கணக்கில் எழுதிவிட்டால் பந்தல்காரர் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பார். சமையற்காரர் அதிகாலையில் வெறும் அண்டாவுடன் நிற்பார். பவுசரை அன்னதானத்தின் கீழ் மாற்றி எழுதுவதுதான் மறுசீரமைப்பு. வேலை அதேதான். ஆனால் அதைக் கவனிக்கும் ஆளும் அதற்குரிய நேரமும் மாறிவிடுகின்றன.

பெரிய திட்டங்களை இப்படிக் கிளைகிளையாகப் பிரிக்கும் முறை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தோடு வளர்ந்தது. 1968இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதை ஒரு தர விதியாகவே வெளியிட்டது. இன்று சிட்னியில் பிறந்த ஜிரா மென்பொருளில் எபிக், அதன் கீழ் ஸ்டோரி, அதன் கீழ் சப்டாஸ்க் என்று அந்தக் கிளைகள் நிற்கின்றன. மைக்ரோசொஃப்டின் அசூர் டெவொப்ஸில் எபிக், ஃபீச்சர், யூசர் ஸ்டோரி, டாஸ்க் என நான்கு படிகள். சென்னையின் சோகோ ப்ராஜெக்ட்ஸிலும் டாஸ்க் லிஸ்ட், டாஸ்க், சப்டாஸ்க் என்ற அடுக்கு உண்டு.

தாயை நீக்கினால் பிள்ளை என்னவாகும் என்பதில் இந்த மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. ஜிராவில் ஒரு ஸ்டோரியை அழித்தால் அதன் சப்டாஸ்க்குகளும் சேர்ந்தே அழிந்துவிடும். எபிக்கை அழித்தால் ஸ்டோரிகள் தப்பிவிடும், தாயில்லாமல். மைக்ரோசொஃப்ட் ப்ராஜெக்ட்டில் தலைப்பு வேலையை நீக்கினால் உள்ளே இருப்பவையும் போய்விடும். அசூர் டெவொப்ஸில் பிள்ளைகள் தப்பினாலும் எந்தப் பெரிய வேலையின் கணக்கிலும் சேராமல் பட்டியலில் உதிரியாகக் கிடக்கும். ஒரு வேலைக்கு ஒரே தாய்தான் இருக்கலாம் என்ற கட்டுப்பாடும் அங்கே உண்டு. வேறு வேலையோடு தொடர்பிருந்தால் அதைப் பக்கத் தொடுப்பாக மட்டுமே குறிக்கலாம். ஆகவே அடுக்கை மாற்றப் புறப்படுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, நீக்கப்போகும் தாயின் கீழ் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுப்பது.

சம்பூரில் தாய் உண்மையிலேயே மாறியது. இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்.டி.பி.சி.யும் சேர்ந்து 2011இல் திருகோணமலை மின் கம்பனியை அமைத்தன. 250 மெகாவாட் அலகுகள் இரண்டு, மொத்தம் 500 மெகாவாட் என்பது திட்டம். 2013 ஒக்டோபரில் ஒப்பந்தங்கள் கைச்சாத்தாகின. சூழலியலாளர்களும் ஊர் மக்களும் எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டப்போவதில்லை என்று 2016 செப்டெம்பரில் அரசு அந்த நீதிமன்றத்தில் அறிவித்தது. சாம்பல் கொட்டும் இடம், நிலக்கரி இறக்குதுறை போன்ற பிள்ளை வேலைகள் அத்தோடு தீர்ந்தன. கம்பனி மட்டும் நிலைத்தது. 2022 மார்ச்சில் அதே இரு தரப்பும் அதே சம்பூரில் சூரிய மின் நிலையத்துக்கு உடன்பட்டன. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் இருந்தபடியே இந்தியப் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் அதன் பணிகளைத் தொடக்கிவைத்தார்கள்.

புதிய திட்டத்தின் அளவு 120 மெகாவாட். முதற்கட்டம் 50, இரண்டாம் கட்டம் 70. பிள்ளைகளின் கூட்டுத்தொகை தாயின் முழு அளவுக்குச் சரியாக வர வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்பது திட்ட மேலாண்மையின் அடிப்படை விதி. 50உம் 70உம் கூடினால் 120 வந்துவிடுகிறது. ஆனாலும் கணக்கு அத்தோடு முடிவதில்லை. சம்பூரிலிருந்து கப்பல்துறைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளத்தில் 220 கிலோவோல்ட் மின்கடத்தும் வழி போட வேண்டும். அந்தப் பிள்ளையை எழுத மறந்தால் 120 மெகாவாட்டும் சம்பூரை விட்டு வெளியே போகாது.

காணிக்கு என்ன ஆனது? முதலீட்டுச் சபையின் கீழ் கைத்தொழில் வலயத்துக்கென எடுக்கப்பட்டது 818 ஏக்கர். கடற்படை முகாமின் கீழ் இருந்தது 237 ஏக்கர். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்த குடும்பங்கள் தங்கள் காணியை வேறெந்தத் திட்டத்தின் உட்பிரிவாகவும் ஏற்கவில்லை. மனுக் கொடுத்தார்கள், போராடினார்கள், வழக்காடினார்கள். அவர்களுக்கு அதுவே முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். 2015 ஓகஸ்டில் 818 ஏக்கருக்கான உறுதிகளை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையளித்தார். 2016 மார்ச்சில் கடற்படை வைத்திருந்த நிலமும் விடுவிக்கப்பட்டது.

இந்தத் திகதிகளைக் கவனியுங்கள். நிலக்கரித் திட்டம் அப்போதும் உயிரோடுதான் இருந்தது. அது கைவிடப்பட்டதனால் மீண்ட காணி அல்ல இது. தனி வேலையாக மேலே உயர்த்தப்பட்டதனால் மீண்டது. மின் நிலையத்துக்கென ஒதுக்கிய ஏறத்தாழ 500 ஏக்கரின் கதை வேறு. அந்தக் காணி மின் நிலையத்தின் பிள்ளையாகவே விடப்பட்டது. நிலக்கரி போய்ச் சூரியன் வந்தபோது, கம்பனியோடு சேர்ந்து அதுவும் புதிய தாயின் கீழ் போனது. அடுக்கை மாற்றியபோது மின்சாரத்தின் வகையைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த நிலத்தில் முன்பு பயிர் செய்தவர்களின் கணக்கைத் தனியே எடுத்து எழுத அதைவிட நல்ல தருணம் வேறு வாய்த்திருக்காது.

சூரிய மின்சாரம் நல்லது, நாட்டுக்குத் தேவையானதும் கூட. அதன் வேலைப் பட்டியலை இன்று கையில் வைத்திருக்கும் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள்: அந்த 500 ஏக்கரில் உரிமை கோருகிறவர்களின் நட்டஈட்டையும் மாற்றுக் காணியையும் ‘நிலம் தயார்ப்படுத்தல்’ என்பதன் கீழே எழுதாதீர்கள். மேல் வரிசையில், மின் நிலையத்துக்குப் பக்கத்தில், பொறுப்பாளர் ஒருவரின் பெயரோடும் முடிக்க வேண்டிய திகதியோடும் எழுதுங்கள்.