போன் ரிப்பேரா? முதல் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் இதைப் படிங்க!

“அண்ணே, டச் வேலை செய்யல, கொஞ்சம் பாருங்க.”

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தபோது, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் நான் சொன்னது இவ்வளவுதான். அடுத்த பத்து நிமிஷத்தில் போனின் பின்பக்கம் சூடாக்கப்பட்டு, மூடி தனியாக வந்துவிட்டது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பார்க்கச் சொன்னேன், பார்த்தார். “டிஸ்ப்ளே காம்போ மாத்தணும், நாலாயிரத்து ஐநூறு ஆகும்” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வாங்கிக்கொண்டு வந்து, பழைய மெயிலில் பில்லைத் தேடிப் பார்த்தால், வாரன்ட்டி முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது! கீழே விழவும் இல்லை, தண்ணீர் படவும் இல்லை, தானாகப் போன டச். மறுநாள் திருச்சிக்கு பஸ் ஏறி சர்வீஸ் சென்டரில் நீட்டினால், “வெளியில திறந்திருக்காங்களே, இனி வாரன்ட்டியில வராதுங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

போன் பழுதானால் நாம் எடுக்கிற முக்கியமான முடிவுகள் எல்லாமே அதைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். தெருமுனைக் கடை ஐந்து நிமிஷத் தூரம். கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சென்டர், பிராண்டைப் பொறுத்து, திருச்சியிலோ தஞ்சாவூரிலோ இருக்கலாம். 1995-ல் பெரம்பலூர் திருச்சியிலிருந்து பிரிந்தது, 2007-ல் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானது. ஆனால் போன் விஷயத்தில் பலருக்கு இன்னும் தலைநகரம் திருச்சிதான். அலைச்சலுக்குப் பயந்து பக்கத்துக் கடையிலேயே கொடுத்துவிடுகிறோம்.

அவசரமாகச் செய்ய வேண்டியது என்ன?

இரண்டே இரண்டு பழுதுகளுக்குத்தான் உண்மையில் அவசரம். ஒன்று, தண்ணீர். போன் நனைந்தால் உடனே ஸ்விட்ச் ஆஃப். “வேலை செய்யுதா பார்ப்போம்” என்று ஆன் செய்வதும், சார்ஜர் குத்துவதும்தான் பல போன்களைக் கொல்கிறது. ஈரத்தோடு மின்சாரம் ஓடினால் உள்ளே ஷார்ட் ஆகும், அரிப்பும் வேகமாகும். சிம் ட்ரேயை வெளியே எடுத்து, சார்ஜிங் துவாரம் கீழே பார்க்கிற மாதிரி லேசாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுங்கள். அரிசி டப்பா வேண்டாம். 2024 ஜனவரியில் ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் இதைச் சொல்லிவிட்டது: அரிசியின் நுண்துகள்கள் உள்ளே போய்க் கூடுதல் சேதம் செய்யலாம். ஹேர் டிரையரும் வேண்டாம்.

இன்னொன்று, உப்பிய பேட்டரி. பின்மூடி தூக்கிக்கொண்டு வந்தாலோ, மேஜையில் வைத்தால் போன் ஆடினாலோ சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், மெத்தைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். 2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்து உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டதற்கு பேட்டரிக் கோளாறுதான் காரணம் என்று அந்த நிறுவனமே அடுத்த ஆண்டு விளக்கம் கொடுத்தது. உப்பிய பேட்டரிக்கு மட்டும், வாரன்ட்டி இருக்கிறதோ இல்லையோ, தள்ளிப்போடாமல் ஆளைப் பார்க்க வேண்டும்.

மற்ற எல்லாப் பழுதுக்கும் முதல் வேலை பேக்கப். திரை கறுத்துவிட்டது, டச் போய்விட்டது என்றாலும் உள்ளே போன் உயிரோடு இருக்கலாம். படம் தெரிந்து டச் மட்டும் போயிருந்தால், ஒரு சின்ன ஓடிஜி அடாப்டரில் கம்ப்யூட்டர் மவுஸைச் செருகினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அம்புக்குறி வந்துவிடும். அதை வைத்தே வாட்ஸ்அப் பேக்கப், போட்டோ, காண்டாக்ட் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம். என் தோழி ஒருத்தி இப்படித்தான் தன் கல்யாணப் போட்டோக்களைக் காப்பாற்றினாள்.

சிம்மைக் கழற்றி வீட்டில் கிடக்கும் பழைய போனில் போட்டுவிடுங்கள். ஓடிபி எல்லாம் அதில்தான் வரப்போகிறது. யுபிஐ-யை மாற்றுப் போனில் புதிதாகப் பதிவு செய்யவும் அதே சிம் வேண்டும். பல வங்கிகளில் முதல் 24 மணி நேரத்துக்குப் பரிமாற்ற வரம்பு குறைவாக இருக்கும் என்பதால், மாதக் கடைசியில் வாடகை கட்டுகிறவர்கள் கவனம்.

கெட்டது போனா, கேபிளா?

சார்ஜ் ஏறவில்லை என்றால் வேறு கேபிள், வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள். பேன்ட் பாக்கெட் பஞ்சு துவாரத்தில் அடைத்திருப்பது சாதாரண விஷயம். அரியலூர் பக்கம் சிமென்ட், சுண்ணாம்புத் தூசியில் வேலை செய்கிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுத்தால் போதும், ஊக்கை விடாதீர்கள். திடீரென்று ஹேங் ஆகிறதென்றால் சேஃப் மோடில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அதில் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி ஏதோ ஒரு ஆப்.

போன் ரொம்ப ஸ்லோ ஆகிவிட்டதா? பேட்டரி ஆரோக்கியத்தைப் பாருங்கள். தேய்ந்த பேட்டரியோடு போன் திடீரென அணைந்துவிடாமல் இருக்க, பழைய ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அந்த மாதிரிப் போனுக்கு வேண்டியது புது பேட்டரிதான். புது போன் வாங்கத் தேவையில்லை.

திரையில் பச்சைக் கோடு விழுந்திருந்தால் காசு கொடுக்கும் முன் கம்பெனியிடம் கேளுங்கள். 2023-ல் ஒன்பிளஸ் இந்தியாவில், இந்தப் பிரச்னை வந்த போன்களுக்கு இலவசமாகத் திரை மாற்றித் தருவதாக அறிவித்தது. வாரன்ட்டி முடிந்த போனுக்கும் இப்படி ஒரு வழி சில நேரம் இருக்கும். நாம் கேட்டால்தான் தெரியும்.

பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டிக்கொண்டு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் தினமும் போய்வருகிறவரா? கேமரா ஃபோகஸ் ஆகாமல் நடுங்குகிறதென்றால் அதுவும் காரணமாக இருக்கலாம். மோட்டார் சைக்கிள் எஞ்சின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று 2021-ல் ஆப்பிள் எச்சரித்திருக்கிறது.

பில்லைத் தேடுங்கள், பிறகு கடையைத் தேடுங்கள்

போனுக்குப் பொதுவாக ஒரு வருஷ வாரன்ட்டி. சார்ஜர் போன்ற பெட்டிக்குள் வரும் துணைப்பொருட்களுக்குப் பல பிராண்டுகளில் ஆறு மாதம்தான். விழுந்து உடைந்ததும் தண்ணீர் பட்டதும் சாதாரண வாரன்ட்டியில் வராது. ‘ஐபி68’ போன் என்று சொல்லித்தானே விற்றார்கள் என்று கேட்கலாம். அது நல்ல தண்ணீரில், ஆய்வகத்தில் செய்த சோதனை. கிணற்றுக் குளியலுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் கொடுத்த உத்தரவாதமாக அதைக் கம்பெனிகள் எடுத்துக்கொள்வதில்லை.

வாங்கும்போது ‘எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி’ எடுத்தீர்களா, ‘ஆக்ஸிடென்டல் டேமேஜ்’ திட்டம் எடுத்தீர்களா என்று பாருங்கள். முன்னது தானாக வரும் கோளாறுக்கு, பின்னதுதான் கீழே விழுந்ததற்கு. பின்னது இருந்தால் உடைந்த சில நாட்களுக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கும். இஎம்ஐ-யில் வாங்கியிருந்தால், கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள். போன் செத்தாலும் இஎம்ஐ சாகாது, அடிவாங்குவது உங்கள் கிரெடிட் ஸ்கோர்தான்.

வாரன்ட்டியோ திட்டமோ இருந்தால் யோசிக்காமல் சர்வீஸ் சென்டர். இல்லையென்றால்? என் கருத்து, பக்கத்துக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். சார்ஜிங் போர்டு, ஸ்பீக்கர் மாதிரி சின்ன வேலைகளில் நம்மூர் மெக்கானிக்குகள் கில்லாடிகள். சென்டரில் “போர்டே மாத்தணும்” என்று சொல்லும் போனை, ஒரே ஒரு ஐசியை மாற்றி ஓட வைத்துவிடுவார்கள். டிஸ்ப்ளேயில்தான் ஜாக்கிரதை. ‘ஒரிஜினல்’ என்ற வார்த்தைக்குக் கடைக்குக் கடை அர்த்தம் மாறும். கம்பெனியிலிருந்து வந்ததா, பழைய போனிலிருந்து கழற்றியதா, காப்பியா என்று நேரடியாகக் கேளுங்கள். என்ன பார்ட், எத்தனை நாள் கேரண்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். விதிப்படி பில் தராமல் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ரிப்பேர் கடைக்கும் அது பொருந்தும்.

கொடுக்கும்போது லாக் பேட்டர்னை அட்டையில் எழுதிக் கொடுக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து விடுங்கள். 2022-ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்காணிப்பு வசதி வைத்த லேப்டாப்களை ரிப்பேர் கடைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், சில கடைகளில் வாடிக்கையாளரின் தனிப்பட்ட கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். சாம்சங்கில் ‘மெயின்டனன்ஸ் மோட்’, பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் போன் வேலை செய்யும், உங்கள் போட்டோவும் சாட்டும் தெரியாது.

‘வாட்டர் டேமேஜ்’ என்று சொல்லிவிட்டால்?

இங்கேதான் நிறைய பேர் தோற்றுத் திரும்பி வருகிறோம். வாரன்ட்டி இருக்கும், போன் நனைந்திருக்காது, ஆனாலும் சென்டரில் “உள்ளே தண்ணி போயிருக்கு” என்பார்கள். வாக்குவாதம் வேண்டாம், காகிதம் வேண்டும். போனைக் கொடுக்கும்போதே ஜாப் ஷீட்டில் உங்கள் புகார் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா, ஐஎம்இஐ எண் சரியா, போனின் வெளித்தோற்றம் எப்படி இருக்கிறது என்று குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கொடுப்பதற்கு முன் நாலு பக்கமும் வீடியோ எடுத்துவிடுங்கள். நிறைய போன்களில் சிம் ட்ரே துவாரத்துக்குள் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். ஐபோனில் அது வெள்ளையாகவோ வெள்ளி நிறத்திலோ இருக்கும், தண்ணீர் பட்டால் சிவப்பாகும். டார்ச் அடித்துப் படம் எடுத்து வையுங்கள். மறுத்தால், என்ன காரணத்துக்காக என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பாதிப் பிரச்னை இங்கேயே முடிந்துவிட வாய்ப்பு உண்டு.

முடியவில்லை என்றால், நம் மாவட்டத்துக்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். போனை ஆன்லைனில் வாங்கியிருக்கலாம், கம்பெனி அலுவலகம் பெங்களூரிலோ நொய்டாவிலோ இருக்கலாம். வழக்கை நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். 1986-ம் வருஷத்துப் பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு எங்கே தொழில் செய்கிறதோ, பிரச்னை எங்கே ஏற்பட்டதோ அங்கேதான் போக வேண்டும். 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 34-வது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்து ஆணையத்திலேயே மனு போட வழி செய்திருக்கிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஜெயங்கொண்டத்தில் இருக்கிறவர் அரியலூரிலேயே போடலாம். சென்னைக்கு லீவு போட்டு அலைய வேண்டாம்.

பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. எந்தப் போனும் அதற்குள் அடங்கிவிடும். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். 2025-ல் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்னை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தயாரிப்பாளர், விற்றவர், சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். பழுதை உறுதிசெய்யப் போனை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கான செலவை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம். போனை ஏற்கெனவே யாராவது திறந்திருந்தால் இந்த இடத்தில்தான் உங்கள் கேஸ் பலவீனமாகும். சரிசெய்து தரவோ, வேறு போன் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, கூடவே நஷ்ட ஈடு கொடுக்கவோ உத்தரவிடலாம். சட்டப்படி மூன்று மாதம், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று இலக்கு. நடைமுறையில் இழுக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

சரி, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாமா?

செலவு, அந்தப் போன் இன்று விற்கிற விலையில் பாதியைத் தாண்டினால் நான் தயங்குவேன். அதைவிட முக்கியமாக, செட்டிங்ஸில் கடைசி செக்யூரிட்டி அப்டேட் எப்போது வந்தது என்று பாருங்கள். அப்டேட்டே நின்றுபோன போனுக்கு ஆறாயிரம் ரூபாய் டிஸ்ப்ளே போட்டு, அதில் பேங்க் ஆப் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் 7 வருஷம் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘ரைட் டு ரிப்பேர்’ பற்றி ஆராயக் குழு அமைத்தது, டிசம்பரில் அதற்கென ஒரு தளமும் வந்தது. அங்கே உங்கள் பிராண்டின் சர்வீஸ் சென்டர், வாரன்ட்டி விவரங்களைத் தேடிப் பார்க்கலாம். கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் அளவுக்கு அது இன்னும் போகவில்லை.

எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டால், முதலில் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன் பிறகு ஃபேக்டரி ரீசெட். வெளியேறாமல் ரீசெட் செய்தால் அடுத்தவர் ஆன் செய்யும்போது உங்கள் பழைய பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும், அவர் உங்களுக்குப் போன் போடுவார். *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணையும், யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதையும் குறித்து, அந்த ரசீதைப் புதுப் போனின் பில்லோடு ஒரே மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.