ஒரு நூல், இரண்டு ஊசி

கைப்பையில் ஒரு தையல் விட்டால், இழுக்க இழுக்கப் பக்கத்துத் தையல்களும் கழன்று வரும். மெஷின் தையலின் குணம் அது. மேலே ஒரு நூல், கீழே பொபினில் ஒரு நூல்; இரண்டும் தோலுக்கு நடுவே ஒன்றையொன்று கொளுவி நிற்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றதற்குப் பிடிமானம் இல்லை.

விலை உயர்ந்த சில பைகளில் கையால் போடுவது சேணத் தையல். குதிரைச் சேணம் தைத்தவர்களிடமிருந்து வந்தது. தேன்மெழுகு பூசிய ஒரே நூல், அதன் இரு முனையிலும் ஒவ்வோர் ஊசி. தைப்பவர் மரக் கிடுக்கியை முழங்கால்களுக்கிடையில் இறுக்கி, அதில் தோலைச் செருகிக்கொள்வார். குத்தூசியால் துளையிட்டு, இரண்டு ஊசிகளையும் அதே துளைக்குள் எதிரெதிராக விட்டு, இரு கையாலும் ஒரே அளவாக இழுப்பார். ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்க இழை விடாது.

துளைக்குத் துளை மிச்ச நூல் முழுவதையும் இழுத்தெடுக்க வேண்டும் என்பதால் பொபின் மெஷினுக்கு இது சரிவராது. ஓடர் கூடினால் ஆளைத்தான் கூட்ட வேண்டும். 1837இல் பாரிஸில் குதிரைக் கடிவாளப் பட்டறையாகத் தொடங்கிய எர்மேஸ் நிறுவனத்தில் ஒரு பையை ஒருவரே தைத்து முடிக்கிறார். அதற்குப் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேலும் பிடிக்கும். அங்கே இருக்கிற பட்டறையை ஊதிப் பெருக்குவதில்லை. சுமார் 250, 300 பேர் சேர்ந்ததும் வேறோர் ஊரில் புதிதாக ஒன்றைத் திறக்கிறார்கள்: 2023இல் லூவியே, 2024இல் ரியோம். புதியவர்களுக்குப் பயிற்சியே ஏறக்குறைய ஒன்றரை வருடம்.

சிறிய தோல் பட்டறை வளர்ந்ததற்கு நமக்குக் கிட்டவும் உதாரணம் உண்டு. புதுச்சேரியின் ஹைடிசைன், 1978இல் திலீப் கபூர் தொடங்கியபோது இரண்டு பேர் வேலை செய்த பட்டறை. இன்று பல நாடுகளில் விற்கும் பெயர்.

கொழும்பின் மட்டக்குளிக்காரருக்குத் தோல் என்றால் அங்கே முன்பு இருந்த அரச தோல் கூட்டுத்தாபனத்தின் தொழிற்சாலைதான் ஞாபகத்துக்கு வரும். பதனிடும் வேலைக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். சுண்ணாம்பும் உப்பும் கலந்த கழிவு பிறகு எங்காவது போயாக வேண்டும். களனி கங்கை கடலில் சேரும் நெருக்கமான ஊரில் அந்த வேலைக்கு இனி இடம் தேடுவது கஷ்டம். தையலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பதனிட்ட தோல் வேறிடத்திலிருந்து வரட்டும். நல்ல வெளிச்சமுள்ள ஓர் அறையும், மரக் கிடுக்கியும், குத்தூசியும், ஒன்றரை வருடம் பொறுமையாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளும் போதும்.