ஸ்லீவா, பைபாஸா? கிலோவை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க

சுபாங் ஜெயா பக்கம் ஒரு கல்யாண விருந்துல உட்கார்ந்தா இந்தப் பேச்சு காதுல விழாம இருக்காது: "அந்த அக்கா வயித்துல ஆபரேஷன் பண்ணி 30 கிலோ இறங்கிட்டாங்க, நானும் அதே பண்ணப் போறேன்." தயவுசெய்து கொஞ்சம் பொறுங்க. அந்த அக்காவுக்குப் பொருந்துன ஆபரேஷன் உங்களுக்கும் பொருந்தணும்னு இல்லை.

முதல்ல, யாருக்கு இது? 2022-ல சர்வதேச நிபுணர் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டியில, பிஎம்ஐ (உயரத்துக்கேத்த எடைக் கணக்கு) 35-ஐத் தாண்டினா வேற நோய் இல்லாட்டியும் ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம்னு இருக்கு. ஆசியர்களுக்கு அந்த வரம்பு 27.5 தான். காரணம், நமக்கு எடை அவ்வளவு ஏறாமலே வயித்துல கொழுப்பு சேர்ந்து இனிப்புநீர் வந்துடுது. மலேசியாவோட 2019 தேசிய சுகாதார ஆய்வுல இனிப்புநீர் இருந்த பெரியவங்க 18.3 சதவீதம். இந்தியர்கள்ல மட்டும் பார்த்தா 31.4 சதவீதம்.

[திரையில்: இரைப்பை படம்]

ஸ்லீவ்: இரைப்பையில முக்கால் பாகத்துக்கும் மேல வெட்டி எடுத்துடுவாங்க. மிச்சம் ஒரு வாழைப்பழ வடிவத்துல இருக்கும். பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுத்த பகுதியிலதான் சுரக்குது, அதனால பசியும் அடங்கும். குடலைத் தொட மாட்டாங்க. ஆனா வெட்டினதைத் திரும்ப வைக்க முடியாது.

பைபாஸ்: இரைப்பையோட மேல் பகுதியில சுமார் 30 மில்லி பிடிக்கிற சின்னப் பை செஞ்சு, அதைச் சிறுகுடலோட நேரா இணைப்பாங்க. மிச்ச இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடு மட்டும் அந்த வழியா போகாது. எடை இறங்குறதுக்கு முன்னாடியே சர்க்கரை அளவு குறையத் தொடங்கும். அதனால மாத்திரை, இன்சுலின் அளவை டாக்டர் உடனே மாத்தணும்.

மினி பைபாஸ்னு சொல்றதுல ஒரே ஒரு இணைப்புதான். நேரம் குறையும், ஆனா பித்தநீர் மேல ஏறி வர்ற தொல்லை சிலருக்கு உண்டு. இரைப்பையைச் சுத்திப் போடுற பேண்ட் இப்போ அரிது. போட்ட பலருக்கு அதைத் திரும்ப எடுக்க வேண்டி வந்துச்சு. இரைப்பைக்குள்ள வைக்கிற பலூன், ஆபரேஷனே இல்லை. சில மாசத்துல அது வெளியே வந்துடும், எடையும் திரும்ப ஏறலாம்.

சரி, ஸ்லீவா பைபாஸா? சுவிட்சர்லாந்துல இரண்டையும் 5 வருஷம் ஒப்பிட்டுப் பார்த்து, 2018-ல முடிவை வெளியிட்டாங்க. எடைக் குறைவுல பெரிய வித்தியாசம் தெரியலை. வித்தியாசம் தெரிஞ்சது எதுக்களிப்புல. ஏற்கெனவே அந்தத் தொல்லை இருந்தவங்கள்ல, பைபாஸுக்குப் பிறகு 60 சதவீதம் பேருக்கு அது போயிடுச்சு. ஸ்லீவ் பண்ணவங்கள்ல 25 சதவீதம் பேருக்குத்தான். எதுக்களிப்பு இன்னும் மோசமானவங்க பைபாஸ்ல 6 சதவீதம், ஸ்லீவ்ல 32 சதவீதம்.

அதனாலதான் சொல்றேன், படுத்தா நெஞ்சு எரியுது, புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருதுன்னா அதை முதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி எண்டோஸ்கோபி பண்ணலாமான்னும் கேளுங்க. இனிப்புநீரும் கடுமையா இருந்தா தராசு பைபாஸ் பக்கம் சாயும்.

ஆனா பைபாஸுக்கும் விலை உண்டு. மூட்டு வலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுறவங்களுக்கும், சிகரெட் பிடிக்கிறவங்களுக்கும் இணைப்பு போட்ட இடத்துல புண் வரலாம். கெட்டிப்பால் ஊத்தின தே தாரிக்கை ஒரே மூச்சுல குடிச்சா, கொஞ்ச நேரத்துல நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், வயித்தைக் கலக்கும். இரும்புச்சத்து, பி12, கால்சியம் மாத்திரைகளை ஆயுசுக்கும் விடக்கூடாது. ஸ்லீவ் பண்ணவங்களுக்கும் சத்து மாத்திரை, ரத்தப் பரிசோதனை உண்டு. பைபாஸ்ல குறைபாடு வர்ற வாய்ப்பு கூடுதல். ரத்தசோகை இருக்கிற பெண்களும், சைவம் சாப்பிடுறவங்களும் இதை லேசா எடுத்துக்காதீங்க. பிள்ளை பெத்துக்கிற எண்ணம் இருந்தா ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாசம் தள்ளிப் போடணும்.

எதைப் பண்ணாலும் முதல் சில வாரம் நீராகாரம், அப்புறம் மசிச்ச சாப்பாடு. பிறகு பசியாறும்போது அரைத் தோசையிலயே வயிறு நிறைஞ்சுடும். முட்டை, மீன், பருப்பு முதல்ல, சோறு கடைசியில. சாப்பிடும்போது தண்ணி குடிக்காம, அரை மணி நேரம் விட்டுக் குடிங்க.

செலவைக் கேட்கும்போது அறுவைக் கட்டணத்தோட நிறுத்தாதீங்க. பின்னாடி வர்ற பரிசோதனை, மாத்திரை, உணவு ஆலோசகர் எல்லாம் சேர்த்துக் கேளுங்க. காப்புறுதி இதை ஏத்துக்குமான்னு எழுத்துல வாங்குங்க. தனியார் விலை எட்டலைன்னா மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துலயும் செராஸ் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையிலயும் விசாரிங்க.

டாக்டரைப் பார்க்கும்போது எத்தனை கிலோ இறங்கும்னு கேட்கிறதுக்கு முன்னாடி மூணு விஷயம் சொல்லுங்க: எதுக்களிப்பு இருக்கா, இனிப்புநீர் எத்தனை வருஷமா, தினமும் என்னென்ன மாத்திரை போடுறீங்க. உங்களுக்கு எந்த ஆபரேஷன்னு அந்தப் பதில்கள்லதான் தெரியும்.