முகம் பார்க்கும் கலை

சிராங்கூன் ரோட்டு நகைக்கடை முன் நாம் நின்று நிதானமாகப் பார்க்கிறோம். ஓவியத்தின் முன் அப்படி நிற்கிறோமா?

வியன்னா ஓவியர் கிளிம்ட் 1907-இல் தீட்டி முடித்த அடேல் புளோக்-பாவர் உருவப்படம் 138 சென்டிமீட்டர் சதுரம். தஞ்சாவூர்ப் படம்போலத் தங்க ரேக்கு பதித்தது. அந்தத் தங்கத்தில் உடையும் இருக்கையும் ஒன்றாய்க் கலந்துவிட, முகமும் கைகளுமே மனிதராய்த் தெரிகின்றன.

நம் தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் ஜார்ஜெட் சென் 1946 வாக்கில் வரைந்த தன்னுருவம் உள்ளது. நோட்டுப் புத்தக அளவுதான்; தங்கம் இல்லை. போர்க்காலத்தில் ஜப்பானியர் காவலில் இருந்து, 1944-இல் கணவரை இழந்தவர் அவர். மூடிய உதடுகள், ஓரமாய் நோக்கும் கண்கள். பின்னர் 1954 முதல் 1980 வரை இங்கே நன்யாங் கலைக்கழகத்தில் கற்பித்தார்.

நகைக்கு ஐந்து நிமிடம் தரும் நாம், இந்த முகத்துக்கும் தருவோமாக.