மதுரையில் 85 டன் காந்தம்!
கம்ப்யூட்டர் போட்ட கணக்குக்குப் பரீட்சை

மதுரையில் உள்ள ஒரு விஞ்ஞானக் கூடத்தில் 85 டன் இரும்பு அடுக்கி வைக்கப்பட்டு இருக்கிறது.

மொத்தம் 11 அடுக்குகள். இடையிடையே கண்ணாடியால் ஆன கருவிகள். சுற்றிலும் கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ச்சினால் இரும்பு முழுவதும் காந்தம் ஆகிவிடும்!

இதன் பெயர் "மினி ஐகால்." 2018ஆம் ஆண்டு முதல் இது வேலை செய்கிறது.

எதற்காக?

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து, "நியூட்ரினோ" என்ற நுண்துகளை ஆராய 2015ல் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. அங்கே வைக்க நினைத்த இரும்பு 50 ஆயிரம் டன். செலவு சுமார் 1,500 கோடி ரூபாய்.

கட்டி முடித்தபின், "கணக்குத் தப்பு" என்றால் என்ன செய்வது?

ஆகவே விஞ்ஞானிகள் முதலில் அதைக் கம்ப்யூட்டருக்குள் கட்டினார்கள்.

பொய்த் துகள்

இதற்கு "ஜியான்ட்-4" என்ற புரோகிராம் உதவுகிறது. பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து உருவாக்கி, 1998ல் வெளியிட்டது இது.

இரும்பின் கனம், காந்தத்தின் சக்தி ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, பொய்த் துகள்களை உள்ளே விடுவார்கள். அவை போகும் பாதை திரையில் கோடாகத் தெரியும். காந்த சக்தியைக் கூட்டினால் கோடு அதிகமாக வளையும். குறைத்தால் நிமிரும்.

லட்சக்கணக்கான துகள்களை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் போதாது. கதிர் அறுக்க ஆளுக்கு ஒரு வயல் பிரித்துக் கொள்வதுபோல, பல கம்ப்யூட்டர்களுக்கு வேலையைப் பங்கு போடலாம். ஜெனீவா அருகே உள்ள "செர்ன்" ஆராய்ச்சி நிலையம், 40 நாடுகளுக்கு மேல் உள்ள கம்ப்யூட்டர்களை இப்படி இணைத்து இருக்கிறது. மும்பையும் கொல்கத்தாவும் அதில் சேர்ந்தவை.

நிஜத் துகள்

சரி, கம்ப்யூட்டர் சொல்வது உண்மையா?

அதைச் சோதிக்கத்தான் மதுரை இரும்பு!

வானத்தில் இருந்து "மியூவான்" என்ற துகள்கள் இரவும் பகலும் விழுகின்றன. விரல் நகம் அளவு இடத்தில் நிமிஷத்துக்குச் சுமார் ஒன்று விழும். கூரை தடுக்காது. நம் உடம்புக்குள்ளும் பாய்கிறது. நமக்குத் தெரிவது இல்லை!

இரும்புக்குள் அது பாயும்போது, கருவிகள் பாதையைக் குறித்துக் கொள்ளும். அந்த நிஜக் கோட்டையும் கம்ப்யூட்டரின் பொய்க் கோட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால், கருவியில் கோளாறா, கணக்கில் பிழையா என்று தேடித் திருத்துவார்கள்.

மலை என்ன ஆயிற்று?

மலைக்கும் தண்ணீருக்கும் கேடு வரும் என்று தேனி மக்கள் அஞ்சினார்கள். 2022ல் தமிழக அரசும் சுப்ரீம் கோர்ட்டில் எதிர்ப்புத் தெரிவித்தது. மலையைக் குடையும் வேலை தொடங்கவில்லை.

ஆனால் 50 ஆயிரம் டன்னை அடுக்கும் முன்பே, 85 டன்னில் பிழை பார்க்க முடிந்தது.